ஆறு புள்ளி மூன்று

ரிப்போர்ட்டில் 6.3 என்ற எண் மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தோடு இருந்தது. டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோன்) அளவு அது. 4.5 வரை இருக்கலாமாம். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டது.

சேலையூர் கேம்ப் ரோட்டில் எங்கள் டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "எழுபத்தாறு வயசுல இது கொஞ்சம் ஏறித்தாம்மா இருக்கும். ஃப்ரீ டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன்) நார்மல். மூணு மாசம் கழிச்சு ரிப்பீட் பண்ணுவோம். மாத்திரை வேணாம்."

வட்டம் போட்ட தப்பைத் திருத்தாமல் மூன்று மாதம் விடுவதா? ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் வசந்தா என்னோடு வேலை பார்த்தவள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். கையில் இருந்த பாட்டிலைக் கொடுத்தாள். "எனக்கு நல்லா கேட்டுச்சு டீச்சர். காலைல வெறும் வயித்துல போடுங்க."

பாட்டிலைப் பூஜை அலமாரியில், விபூதி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, தினமும் காலையில் ஒன்று போட்டேன். எடை குறைந்தது. பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கை நடுங்கியது. ஒரு காலை, குக்கரை இறக்கும்போது நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. பயந்துபோனேன்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது). பக்கவாதம் வரலாம் என்றார்கள். டி.எஸ்.எச். இப்போது 0.06, இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவு.

"தைராய்டு மாத்திரை எடுக்கறீங்களாம்மா?"

"இல்ல சார்."

என் கணவர் என்னைப் பார்த்தார். "அப்ப சாமி அலமாரில இருக்கற பாட்டில் யாருது?"

அந்த டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாத்திரையை நிறுத்தினார்கள். துடிப்பு பெரும்பாலும் சீரானது. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வேறொரு மாத்திரை வந்து சேர்ந்தது. மேசை முனையில் லேசாக இடித்தாலும் கை கன்றிப்போகிறது. மாடிப்படியில் பாதியில் நின்று நாடி பிடித்துப் பார்க்கிறேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு முன்பு தெரியாது.

உங்கள் ரிப்போர்ட்டிலும் நட்சத்திரம் இருக்கலாம். அதை அச்சடித்த இயந்திரத்துக்கு உங்களைத் தெரியாது. டாக்டர் காத்திருக்கச் சொன்னால், அதுவும் வைத்தியம்தான்.

போன வாரம் புது ரிப்போர்ட் வந்தது. 6.6. அதே தடித்த எழுத்து, அதே நட்சத்திரம். சிவப்புப் பேனாவை எடுத்தேன். வட்டம் போடவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் என் வயதை எழுதிவிட்டு மூடியைப் போட்டேன்.