அக்கா கைதட்டிக் கூப்பிட்ட பிள்ளை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நீங்களும் எழுதுங்கள் என்று என் பிள்ளைகள் சொன்னபோது, ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குக் கை ஓடவில்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் நான். ஆனாலும் கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் அன்று நடந்ததை அக்காவின் எதிரில் நின்று பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மலைமேல் நாகலூரில், காபி எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில். மணமான சில ஆண்டுகளிலேயே மாமா காலமாகிவிட, பிள்ளையில்லாமல் எங்களிடமே திரும்பி வந்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து கைதட்டிப் பாடும் பாட்டுகளை அங்கேதான் சேர்க்கத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிச் செம்மநத்தம் போவார்கள், கரடியூர் போவார்கள். கேட்டு வந்தது மறக்காமலிருக்க எதிரே ஒரு ஆள் வேண்டும். மீசை முளைத்த நான் கதவைச் சாத்திவிட்டு அக்காவோடு கைதட்டுவேன்.

"கதவை எதுக்குடா சாத்தற? திருட்டா பண்றோம்?"

"யாராச்சும் பாத்தாச் சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும். நீ தப்பாத் தட்டாத."

மற்றவர்கள் சிரித்ததோடு நிற்கவில்லை. "பெத்தவங்களே சும்மா இருக்கறோம், உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாட்டு?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அக்கா அடுத்த ஞாயிறும் பஸ் ஏறினார்கள்.

ஒரு வருடம் அரூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தது. அவர்கள் மகள் சாந்தி யாரோடும் பேசாத சின்னப் பிள்ளை. அக்கா ஒரு ஞாயிறு முழுக்க அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான்.

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். காபிப் பழம் பறிக்கும் காலம், அன்றும் வேலை இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லைனில் ஒரே கூச்சல். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன சாந்தி தூக்குப்போசியைக் கீழே போட்டுவிட்டாள். "ஊட்டுக்கு வா, தோலை உரிக்கறேன்" என்று அவர் கத்தியிருக்கிறார். காபிச் செடிகளுக்குள் ஓடியவள் திரும்பவில்லை. அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி நிற்பவர் தெரியவில்லை. தோட்டத்துக்குக் கீழே வேலி கிடையாது. பாறை, அதற்கப்புறம் பள்ளம்.

ஆளாளுக்கு அவள் பெயரைக் கத்திக்கொண்டு இறங்கினார்கள். சாந்தி அப்பாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. அக்கா அவர் முன்னால் போய் நின்றார்கள்.

"ஏனுங்க, கத்தாதீங்க. நீங்க கத்தக் கத்த அது இன்னும் கீழ ஓடுமுங்க."

"எம்புள்ளையக் கூப்புட உங்களக் கேக்கோணுமா? பாட்டுப் பொறுக்கறதெல்லாம் இன்னொரு நாளைக்கு வெச்சுக்கங்க!"

சாந்தியின் அம்மா அழுதுகொண்டே கணவரின் வாயைப் பொத்தினார். "அவங்க சொல்றதக் கேளுங்க. நொம்பப் பயந்து கெடக்குது புள்ள."

அக்கா என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினார்கள். ஒற்றை ஆள் தட்டினால் அது வெறும் கைதட்டல். நான்கு கை சேர்ந்தால்தான் விளையாட்டின் சத்தம் வரும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாந்தியிடம் கற்ற அந்தப் பாட்டுக்குத்தான் என்று புரிந்து கையை நீட்டினேன்.

"ஓலப்பெட்டி ஒண்ணு
உள்ள என்ன கண்ணு?"

கேள்விக்கு எதிரில் இருப்பவர் பதில் பாட வேண்டும். நான் வாயைத் திறந்தேன். அக்கா தலையாட்டித் தடுத்தார்கள். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. மறுபடியும் பாடினார்கள். ஒன்றுமில்லை. "இதெல்லாம் வேலைக்காகாதுங்க" என்றார் பின்னால் ஒருவர். இன்னொரு முறை பாடினார்கள். வெகு கீழே இரண்டு கைதட்டல். பிறகு ஒரு கீச்சுக் குரல்.

"கம்பு ரொட்டி ரெண்டு
கடிச்சாப் பல்லு துண்டு!"

"சாந்தி!" என்று அப்பா அலறிவிட்டார். குரல் நின்றது. சரிவில் ஒரு கல் உருண்டு போகும் சத்தம் கேட்டது. அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அக்கா யாரையும் திட்டவில்லை. "நில்லு கண்ணு, ஆட்டம் இன்னும் முடியல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு பாட்டின் அடுத்த அடியை எடுத்தார்கள். எதிரெதிரே தட்டிக்கொண்டு இறங்குவதென்றால் ஒருவர் பின்னோக்கி நடக்க வேண்டும். அக்காதான் நடந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பள்ளம்.

"ஓலப்பெட்டி மூணு
உள்ள என்ன காணு?"

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"தேங்காப் பத்த நாலு
தின்னா நீதான் ஆளு."

பாறை விளிம்பில் சாந்தி உட்கார்ந்து தன் கையைத் தானே தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா பாய்ந்து பிடிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து கையை நீட்டினார்கள். பிள்ளை தன் கையை அதில் வைத்த பிறகே இறுகப் பற்றினார்கள்.

"நீங்க ஒரு எடத்துல தப்பாத் தட்டுனீங்க. அவுட்டு."

"ஆமா கண்ணு, நாந்தான் அவுட்டு." பற்றிய கையை அக்கா விடவில்லை.

தூரத்தில் நின்ற அப்பா, "நான் வரலாமுங்களா?" என்று கேட்டார்.

"கையத் தட்டிக்கிட்டு மெதுவா வாங்க."

தட்டிக்கொண்டே வந்தார். தாளமே இல்லை. சாந்தி சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அக்கா பாட்டுக் கேட்டு மலை முழுக்கப் போனார்கள். கடைசி மாதங்களில் மூச்சிரைப்பால் பாட முடியவில்லை. பார்க்க வந்த பிள்ளைகளைத் தட்டச் சொல்லிக் கேட்டார்கள்.

சேலம் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவர்கள், மாற்றி மாற்றிப் பக்கத்தில் இருந்தவர்கள், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட லைன் வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆண்டு நினைவுக்கு வரும் உறவினர்கள் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அவர்கள் சத்தம் போட்டால் தயவுசெய்து யாரும் அதட்ட வேண்டாம்.