கல்யாண நெட்டுக்கு அக்கா பின்னிய லேஸ்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு மலர் ஒன்று அச்சடிக்கலாம், கட்டுரையை நீதான் எழுத வேண்டும் என்று அண்ணன் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுத வராமல் இல்லை. அக்காவைப் பற்றி உண்மையாக எழுதுவதென்றால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் உங்களில் சிலருக்குக் கோபம் வரும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். நான் பயந்த சுபாவம். கேஸை அணைத்தேனா என்று பார்க்க செம்பூர் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வருகிறவள் என்று நீங்களே கேலி செய்வீர்கள். ஆகையால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா தாராவியில், நாங்கள் இன்றும் பழைய வீடு என்று சொல்லும் அந்த மாடி அறையில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். தோல் பட்டறையில் வேலை செய்த அப்பா இறந்தபோது அக்கா பத்தாம் வகுப்பு, அண்ணன் ஆறாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. பரீட்சை எழுதிய கையோடு அக்கா ரெடிமேட் துணிப் பட்டறையில் செக்கிங் வேலைக்குப் போனார்கள். அண்ணன் படித்து அணுசக்தி நகரில் டெக்னீஷியன் ஆனதும், நான் டீச்சர் ஆனதும் அந்தச் சம்பளத்தில்தான். அக்காவுக்கு வரன் வந்த வருஷங்களில் நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் படித்து முடித்தபோது வரன் வருவது நின்றிருந்தது. அக்கா அதைப் பற்றிப் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இனி லேஸ் விஷயத்துக்கு வருகிறேன். நாசரேத் பக்கமிருந்து அம்மா கல்யாணமாகி பம்பாய் வந்தபோது, மணப்பெண்ணாகத் தலையில் போட்ட நெட்டின் ஓரத்துக்குத் தாமே குரோஷா ஊசியால் லேஸ் பின்னியிருந்தார்கள். நாலு விரல் அகலம், ஐந்து கஜம் நீளம். மாதுளம்பூ லேஸ் என்று அதற்கு எங்கள் வீட்டில் பெயர். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நெட் புதிதாக வாங்குவோம், லேஸ் மட்டும் அதுவேதான். முந்திய பெண்ணின் நெட்டிலிருந்து பிரித்து அடுத்த பெண்ணின் நெட்டில் தைப்போம். அம்மாவின் தங்கையான தூத்துக்குடிச் சித்தியின் மகள்கள் அதைப் போட்டுத்தான் கோயிலுக்குள் நடந்தார்கள். நானும் அப்படித்தான்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பழைய வீட்டின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். எந்த மழையில் தண்ணீர் இறங்கியதோ தெரியவில்லை. லேஸ் முழுவதும் துருக்கறை, மடிப்புக்கு மடிப்பு ஓட்டை. கல்யாணத்துக்கு நாலு மாதம்தான் இருந்தது. அந்த வாரமே சித்தி ஃபோன் செய்து, "ஏட்டி, எங்க அக்கா லேஸ் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார்கள். "பத்திரமா இருக்கு சித்தி" என்றேன். முதல் பொய் அது.

"எங்கிட்ட குடுட்டி. ஓட்டைய மட்டும் அடச்சுத் தாரேன்" என்று அக்கா வாங்கிக்கொண்டார்கள். டேபிள் கவர், குழந்தைக் குல்லா எல்லாம் பின்னுவார்கள். ஆனால் மாதுளம்பூ முடிச்சு அவர்களுக்குத் தெரியாது. அம்மா அதை யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே இறந்துவிட்டார்கள். மூன்று வாரம் போனது. எப்போது கேட்டாலும், "டென்ஷன் ஆகாத, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்ற ஒரே பதில். ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். ஏணிப்படி ஏறித் தலையை நீட்டினால், அக்கா மடியில் லேஸ் பாதி அகலத்துக்குத்தான் இருந்தது. பக்கத்தில் பிஸ்கட் டின்னில் பழைய நூல் துண்டு துண்டாகக் கிடந்தது.

நடந்தது இதுதான். பின்னியதைப் பிரித்துப் பார்த்தால் பின்னிய விதம் தெரிந்துவிடும் என்று அக்கா கடைசி முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள். லேஸைக் குறுக்குவாட்டில் ஒவ்வொரு பூவாகப் பின்னுவதுதான் அவர்கள் அறிந்த முறை. ஓரத்தில் ஒரு பூவை மட்டும் பிரித்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். அம்மாவோ ஐந்து கஜத்தையும் நீளவாட்டில், வரிசை மேல் வரிசையாகப் பின்னியிருந்தார்கள். ஒரு சாண் பிரித்த பிறகும் வெளி ஓரம்தான் கழன்றதே தவிரப் பூ திறக்கவில்லை. திரும்பப் பின்னலாமென்றால் இற்றுப்போன நூல் தொட்ட இடமெல்லாம் அறுந்தது. பூவைப் பார்க்க வேண்டுமானால் நீளம் முழுவதையும் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டார்கள்.

என்ன பேசினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "இத ஒரு நாளாவது தலையில போட்டிருந்தா பிரிக்க மனசு வந்திருக்குமாக்கா ஒனக்கு?"

அக்கா அழவில்லை. "போடலதான். அதுக்கு இப்பம் என்ன செய்ய? ஓட்டைய அடச்சாலும் நூலு நிக்காதுட்டி. பிரிச்சதால இப்பம் எனக்குப் பின்னத் தெரியும். புதுசாப் பின்னித் தாரேன், போ" என்றார்கள்.

சித்திக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலையெல்லாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினேன். நூல் புதிதாகத் தெரியக் கூடாதே என்று டீ டிகாஷனில் முக்கி எடுக்கச் சொன்னதும் நான்தான். பட்டறை வேலை போக மிச்ச நேரமெல்லாம் அக்கா பின்னினார்கள். ஏணிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அந்த நாட்களில்தான் சொல்ல ஆரம்பித்தார்கள். டாக்டரிடம் போகலாம் என்றால், "கல்யாணம் முடியட்டும்" என்பார்கள். நானும் வற்புறுத்தவில்லை. லேஸ் முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது.

கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்பு லேஸ் வந்தது. என்னாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. கோயில் வாசலில் சித்தி என் மகளின் நெட்டைப் பிடித்துப் பார்த்துக் கண் கலங்கினார்கள். "எங்க அக்கா கைவேலை சும்மாவா? இப்பம் எந்தப் பொம்பளைக்கு இது வரும்? எல்லாம் அவளோட போச்சு" என்றார்கள். உங்களில் பலர் சுற்றி நின்று ஆமாம் என்றீர்கள். கையில் ஜூஸ் தட்டோடு அக்கா பக்கத்தில்தான் நின்றார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஃபோட்டோக்காரரைக் கூப்பிடுவதுபோல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

பிறகு மழைக்காலத்தில் மூச்சுத் திணறல் அதிகமாகி அக்கா ஆஸ்பத்திரியில் ஏழு நாள் இருந்தார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம், ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு கேட்டார்கள். "ஏட்டி, அந்த லேஸ் நான் பின்னுனதுன்னு சித்திட்ட சொன்னியா?"

"இப்பம் எதுக்குக்கா அது? வீட்டுக்கு வந்த பொறவு சொல்லலாம்" என்றேன்.

"சரி, பொறவு சொல்லு" என்றார்கள். வீட்டுக்கு வரவில்லை.

அக்காவின் பெட்டியில் ஒரு நோட்டு இருந்தது. பதின்மூன்று வரிசைக்கும் பதின்மூன்று மாதிரித் துண்டுகளைப் பின்னி, பக்கத்துக்கு ஒன்றாகத் தைத்து, செய்முறையும் எழுதியிருக்கிறார்கள். ஆறாம் வரிசையில் ஒரு குறிப்பு: 'அம்மா இந்த இடத்தில் ஒரு கண்ணி பின்னாமல் விட்டிருக்கிறார்கள். நானும் விட்டிருக்கிறேன்.' அந்த நோட்டை வைத்துத்தான் காட்கோபரிலிருந்தும் தேவ்நாரிலிருந்தும் நம் உறவுப் பெண்கள் ஐந்து பேர் சனிக்கிழமைகளில் பழைய வீட்டில் கூடி மாதுளம்பூ பின்னுகிறார்கள். தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளுக்காக என் மகள் அதை வீடியோ எடுத்து அனுப்புகிறாள். அம்மாவின் நோட்டு என்றுதான் அவர்களிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த ஏணிப்படியில் அக்காவைக் கையில் ஏந்தி இறக்கிய பக்கத்து வீட்டு பாய்க்கும், ஏழு நாளும் கஞ்சி கொண்டுவந்த அவர் மனைவிக்கும், அடக்க ஆராதனை நடத்திய குருவானவருக்கும், பட்டறையைப் பூட்டிவிட்டு வந்த அக்காவின் தோழிகளுக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்த எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தி, இன்று ஆராதனைக்கு நீங்கள் முன்வரிசையில் உட்காருவீர்கள். இந்தப் பக்கத்தை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். உங்கள் அக்காவின் லேஸைப் பிரித்தது எங்கள் அக்காதான். ஆனால் அன்றைக்கு நீங்கள் கண் கலங்கிப் பிடித்துப் பார்த்ததும் எங்கள் அக்கா பின்னியதைத்தான். திட்டுவதானால் அதை மறைத்த என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அன்று வாசலில் சொன்ன பாராட்டை மட்டும் எங்கள் அக்காவுக்கு ஒரு முறை சொல்லிவிடுங்கள்.