சங்கிலி உதறிய வாரம்

போன வாரம் மலேசியாவின் ஈப்போவில் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தேன். நரையை மறைக்கும் முயற்சிதான். இந்த வயதில் யாரை ஏமாற்றப் போகிறாய் என்று கேட்காதீர்கள். சாயக் கிண்ணத்தைத் திறந்ததும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைக்காரர் பதறிப்போனார். நானோ நினைவில் தாப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு கையுறைத் தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. ரப்பர் பால் உறையாமல் இருக்க அம்மோனியா கலந்துதான் வரும். வீட்டுக்குப் போனாலும் சட்டையில் அந்த நெடி இருக்கும். கையுறைக்கு அச்சான பீங்கான் கைகள் நீளமான சங்கிலியில் தொங்கியபடி பால் தொட்டியில் முங்கி எழுந்து அடுப்புக்குள் போகும். சங்கிலியை இழுக்கும் மோட்டாரின் வேகத்தை மைக்ரோகண்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சிப் பார்த்துக்கொண்டது. அது மின்சாரத்தை ஒரே சீராகத் தராது; நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டு விட்டுத் தரும். ஒவ்வொரு முறையும் தரும் நேரம் நீண்டால் மோட்டார் வேகமெடுக்கும், குறைந்தால் தணியும். அந்தத் துடிப்புகளுக்குப் பெயர் பி.டபிள்யூ.எம். அந்த வட்டாரத்திலேயே அது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம். டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

ஒருநாள் சங்கிலி உதற ஆரம்பித்தது. நன்றாக ஓடும், திடீரென்று ஒருமுறை வெட்டி இழுக்கும். கையுறைகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் ஓட்டையாகவும் வந்தன. சங்கிலியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பக்கத்தில் வேலை செய்தவர் பாக்கியம் அக்கா. சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பல வருடம் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அங்கே ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டதால் இங்கே வந்தவர். அவர்தான் குமிழைத் திருகுகிறார் என்று சூப்பர்வைசர் முடிவுகட்டி, எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்துவிட்டார். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும்.

நான் மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகையைக் கழற்றி என் மேசையில் வைத்து ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன். பச்சைத் திரையில் துடிப்புகள் சீப்பின் பல் மாதிரி ஒழுங்காக நின்றன. சிப்பை மாற்றினேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன். திரும்ப மாட்டினால் அதே உதறல். மூன்றாம் நாள் எனக்கே சந்தேகம் வந்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அக்காவிடம் குமிழைத் தொட்டீர்களா என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் தொடவே இல்ல லா, தம்பி. அடுப்புப் பெட்டியில டக்குனு ஒரு சத்தம் கேக்கும், அப்பத்தான் உதறுது. வேணும்னா நின்னு பாருங்க," என்றார்.

ஆசிலாஸ்கோப்பைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சங்கிலிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து, மோட்டாருக்குப் போகும் சிக்னல் கம்பியில் மாட்டிக் காத்திருந்தேன். அடுப்பின் சூடு குறைந்து ஹீட்டரின் பெரிய சுவிட்ச் டக்கென்று விழுந்தது. அதே கணத்தில் ஒழுங்கான துடிப்புகளுக்கு நடுவே முள்முள்ளாகக் கிறுக்கல்கள். சங்கிலி உதறியது.

கம்பியைப் பின்தொடர்ந்து போனேன். ஹீட்டர் கேபிளோடு சேர்த்து அழகாக, இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. சுவிட்ச் விழும்போதெல்லாம் கேபிளின் மின்னதிர்வு பக்கத்தில் இருந்த இந்தக் கம்பிக்கும் தாவியிருக்கிறது. கட்டியவன் நான்தான். முந்தின வாரம் மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று, அலங்கோலமாகத் தொங்கிய கம்பிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, பாராட்டும் வாங்கியிருந்தேன். கட்டுகளை வெட்டி, வெளி அதிர்வு நுழையாதபடி உலோக உறையிட்ட கம்பியைத் தனி வழியில் இழுத்தேன். அதன்பிறகு சுவிட்ச் எத்தனை முறை விழுந்தும் சங்கிலி சிணுங்கவில்லை.

பலகைக் கோளாறு, சரிசெய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். மேனேஜர் அறை வாசலில் அப்படியும் யோசித்தேன். உள்ளே போனதும் கம்பிகளைச் சேர்த்துக் கட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் அதிகம் பேசாத சீனர். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அக்காவின் கடிதத்தைக் கிழிக்கச் சொன்னார். என்னை நிரந்தரமாக்குவதை மூன்று மாதம் தள்ளிப்போட்டார்.

அக்காவிடம் சொன்னபோது கேட்டார்: "நீங்களாவே போய்ச் சொன்னீங்களா?"

"ஆமாக்கா."

"சரி லா. வாங்க, தே தண்ணி குடிக்கலாம்."

அவர் கொண்டுவந்த தேங்காய்ப்பால் சோற்றில், அந்த நாசி லெமாக்கில், பாதி எனக்கு வந்தது. அதற்குப் பிறகு எந்த இயந்திரம் முரண்டு பிடித்தாலும் முதலில் அதன் பக்கத்தில் நிற்பவரிடம் போய்க் கேட்பேன். அந்தப் பழக்கத்தால்தான் முப்பது வருடம் நிம்மதியாக வேலை பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தத் தொழிற்சாலை இப்போது மரச்சாமான் கிடங்கு. பால் லாரிகள் அந்தச் சாலையில் வருவதில்லை, சுற்றிலும் செம்பனைதான். மோட்டார் பலகை கெட்டால் கழற்றி வீசிவிட்டுப் புதிதை மாட்டுகிறார்கள். கடைசியாக ஒரு நவீன ஆலைக்குப் போயிருந்தபோது, பழக்கதோஷத்தில் சத்தம் எதுவும் கேட்டதா என்று விசாரிக்கத் திரும்பினேன். இயந்திரங்கள் தாமாக ஓடிக்கொண்டிருந்த அந்த நீளமான கூடத்தில் ஒருவரும் இல்லை.