எண்ணூறு வாட் வாத்தியார்

போன வாரம் தெற்குமாசி வீதியில் பட்டப்பகலில் ஒரு நல்ல மனிதரின் மானத்தை வாங்கிவிட்டேன். கத்தி, கம்பு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல் – அவ்வளவுதான்!

நான் மிஷன் பள்ளிக்கூடத்து சயன்ஸ் வாத்தியார் என்பது வாராவாரம் என்னைச் சகித்துக்கொள்ளும் உங்களுக்குத் தெரியும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, அதாவது ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன், அதாவது வாட். இருபது வருஷமாக இதைக் கரும்பலகையில் எழுதி எழுதி அழிக்கிறேன். ஒரு நாளாவது நிஜ பல்பில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம்.

மீரான் ராவுத்தர் கடையில் அறுபது வாட் பல்பு ஒன்று வாங்கினேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அலமாரியில் ஆறு வோல்ட் பாட்டரி இருந்தது. அதில் மாட்டினேன். பல்பு கண்ணையே திறக்கவில்லை. ஆனால் மீட்டர் முள் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு காட்டியது. ஆறை அதால் வகுத்தேன். தடை அறுபது ஓம்.

ஊருக்குள் வருவதோ இருநூற்றிருபது வோல்ட். அதை அறுபதால் வகுத்தால் மூன்றரை ஆம்பியருக்கு மேல். மறுபடி இருநூற்றிருபதால் பெருக்கினால்… எண்ணூறு வாட்!

அறுபது என்று அச்சடித்துவிட்டு எண்ணூறு தின்கிற பல்பா? சாயங்காலம் நேரே கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள். நானும் வகுப்பில் பேசிப் பேசி வளர்த்த குரலில் கேட்டேன்: “ராவுத்தரே, இப்படி ஊரை ஏமாற்றலாமா?”

“என்ன வாத்தியாரய்யா, இப்புடிச் சொல்லிப்புட்டீக? கம்பெனிப் பெட்டிய இப்பத்தான் பிரிச்சேன்!”

நான் காகிதத்தை நீட்டினேன். அவருக்குக் கணக்குப் புரியவில்லை, கூட்டத்துக்கும் புரியவில்லை. புரியாததனாலேயே எல்லோரும் நம்பினார்கள்.

பரவையிலிருந்து வந்திருந்த தானிய வியாபாரி ஒருவர், மகள் கல்யாணத்துக்காக டவுனில் சத்திரம் பிடித்திருந்தார். இரண்டு டஜன் பல்பு கட்டி வைத்திருந்தது. பார்சலை அப்படியே திருப்பி வைத்தார். “படிச்சவுக பொய் சொல்ல மாட்டாக” என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் குளிர்ந்தது.

இரண்டு நாளில் ராவுத்தர் கடையில் ஈ ஆடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே வயர்மேன் செல்லையாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். செல்லையா என் வீட்டு விளக்கு ஒன்றைக் கழற்றி நான் வாங்கிய அதே பல்பை மாட்டினான். நடுவில் ஒரு மீட்டரைக் கோத்து சுவிட்சைப் போட்டான். பளிச்சென்று எரிந்தது. முள் கால் ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

பெருக்கினேன். அறுபது வாட். வகுத்தேன். எண்ணூறு ஓம்! நான் சொன்ன எண்ணூறும் இருந்தது, ராவுத்தர் சொன்ன அறுபதும் இருந்தது. வாட்டும் ஓமும்தான் இடம் மாறியிருந்தன.

“உள்ள இருக்க கம்பி சூடேறுனதும் தடை கூடிரும் சார். தூங்குறவன் நாடியப் பிடிச்சுப் பாத்துட்டு, ஓடுறப்ப எம்புட்டு அடிக்கும்னு சொன்னா எப்புடி?” என்றான் செல்லையா.

இது பாடப்புத்தகத்தில் இல்லையா? இருக்கிறது. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். பரீட்சைக்கு வராது, அடித்துவிடுங்கள் என்று ஐந்தாம் பாரத்துப் பையன்களிடம் வருஷா வருஷம் நானே சொல்கிற பத்தி அது.

ராவுத்தர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. “எங்கிட்ட வருத்தப்பட வேணாம் வாத்தியாரய்யா. சொன்ன எடத்துலயே சொல்லிருங்க” என்றார் மெதுவாக. எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சாயங்காலம் அதே கடைவாசலில் நின்று, அதே குரலில், தப்பு என்னுடையது என்றேன். சரியான கணக்கு எழுதிய காகிதத்தையும் காட்டினேன். கூட்டம் கேட்டது. கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தது.

“ராவுத்தரு வாத்தியாரச் சரிக்கட்டிட்டாரு மாப்ள” என்றார் ஒருவர், எனக்குக் கேட்கும்படியே.

பார்த்தீர்களா? தப்பான கணக்கை ஒரே தடவையில் நம்பியவர்கள், சரியான கணக்குக்கு சாட்சி கேட்கிறார்கள்! பரவைக்காரரும் அங்கேதான் நின்றார். “நாளன்னைக்குக் கல்யாணம் சார். புரியாத காகிதக் கணக்கு எனக்கெதுக்கு? நம்புனா உங்க வீட்டுல மாட்டுங்க. நான் வந்து பாக்குறேன்” என்றார்.

மாட்டினேன். வாசலில் ஆறு பல்பு. விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் வந்தார். மீட்டர் முள்ளைப் பார்க்கவில்லை. என் மனைவி கரண்ட் பில் கவலை இல்லாமல் நிம்மதியாகக் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத்தான் பார்த்தார். மறுநாள் காலை இரண்டு டஜனும் சத்திரத்துக்குப் போய்விட்டன. ராவுத்தர் கடையிலும் பழையபடி கூட்டம்.

எங்கள் வாசல் மட்டும் தேர்த் திருவிழா மாதிரி இருக்கிறது. கழற்றினால் சந்தேகம் திரும்பிவிடும் என்று ராவுத்தர் பயப்படுகிறார். ஆறு பல்பும் சேர்ந்து முந்நூற்றறுபது வாட் – இந்த முறை எரியவிட்டுத்தான் அளந்தேன்.