கியரில் கிடந்த கார்

எண்பதுகளின் தொடக்கத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்தபோது, என் கணவர் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, கட்டிலும் ஸ்டவ்வும் வைத்து வீடாக்கினார். போலியோவால் நடக்க முடியாத எங்கள் மகள் லதாவுக்கு நாலு ஊர் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பஸ் நுழையாத தெருக்களில் அவளைக் கூட்டிப்போக ஒரு சின்னக் காரையும் வாங்கி, இரும்புக் கம்பியால் பஸ்ஸின் பின்னால் இணைத்து இழுத்துப்போக ஏற்பாடு செய்தார்.

புறப்பட்ட அன்று அவர் குனிந்து கம்பியை மாட்டும்போது, கார் உருண்டு அவரை இடித்துவிடுமோ என்று பயந்து நான் காருக்குள் கை விட்டு கியரைப் போட்டேன். பிறகு எடுக்க மறந்துவிட்டேன்.

வைட்டிலா தாண்டியதும் பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். இறங்கிப் பார்த்தால் காரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த மெக்கானிக், “சேச்சி, கியர்ல போட்டே இழுத்திருக்கீங்க, சக்கரத்தோட எஞ்சினும் சேர்ந்து சுத்தியிருக்கு. எஞ்சினும் கியர்பாக்ஸும் போச்சு. இனி ஓடாது” என்றார்.

“நான் நியூட்ரல்லதானே விட்டேன்” என்றார் என் கணவர். நான் உண்மையைச் சொன்னேன்.

“வீட்டுக்கே போயிடலாம்ப்பா” என்றாள் லதா.

இன்னொரு கார் வாங்க வழியில்லை. பஸ்ஸையும் விற்றுவிட்டோம். அதன்பின் லதா எங்கும் போகவேண்டும் என்று கேட்டதே இல்லை.

இப்போது யாராவது காரைக் கட்டி இழுக்கத் தயாரானால், அருகில் போய் “கியரைப் பார்த்தீர்களா?” என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். அவர்கள் உள்ளே கை விட்டுப் பார்க்கும்வரை நான் நகர்வதில்லை.