மூட்டை தூக்கினால் போதாதாம்

பாப்பிரெட்டிப்பட்டி சர்க்கரை நோய் முகாமில் அன்று டாக்டர் இருந்தார், புளி மண்டியில் மூட்டை தூக்கும் மாமா இருந்தார், அதே மண்டியில் கணக்கெழுதும் நான் துணைக்கு இருந்தேன். மாமாவை முகாமுக்குப் போகச் சொன்ன மண்டி முதலாளி வரவில்லை.

மாமாவுக்கு நரைத்த தலை, மூட்டை அழுத்தி ஒருபக்கம் சரிந்த தோள். தின்கிற பொருள் என்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சரக்கைத் தொடுவார்.

"எக்சர்சைஸ் பண்றியா?" என்றார் டாக்டர், நிமிராமல்.

"நாள் பூரா மூட்ட தூக்கறனுங்க சார். அது பத்தாதுங்களா?"

"அது வேலைய்யா, கணக்குல வராது. காலைல அரை மணி நேரம் நட. அடுத்த ஆள் வா."

மருத்துவப்படி அது சரியாகவே இருக்கட்டும். குனிந்து அந்தக் கால்களை ஒருமுறை பார்த்தால் என்ன குறைந்துவிடும்? சர்க்கரையில் மரத்துப்போன கால்கள் அவை.

மறுவாரம் விடியற்காலையில் பொம்மிடி ரோட்டில் மாமா வெறுங்காலோடு வேகமாக நடந்து வந்தார்.

"செருப்பு எங்கீங்க மாமா?"

"வூட்லதான் கெடக்குது. மூட்ட தூக்கறதே பத்தாதுன்னுட்டாரு. செருப்பு மாட்டிக்கிட்டு சொகுசா நடந்தா மட்டும் பத்துமா கண்ணு?"

போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னேன். "நீ டாக்டருக்குப் படிச்சியா, கணக்குக்குப் படிச்சியா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

காலில் கண்ணாடிச் சில்லு ஏறியது அவருக்குத் தெரியவேயில்லை. சீழ் பிடித்து நாறிய பிறகுதான் தெரிந்தது. இன்றும் அவர் டாக்டரைக் குறை சொல்வதில்லை. எனக்குத்தான் வயிறு எரிகிறது. அரை மணி நேர நடைக்கு அவர் கொடுத்த விலை, வலது காலில் மூன்று விரல்களும் மண்டி வேலையும்.