கொத்து ரொட்டிக் கல்லில் ஒரு வாள்சண்டை

அன்று அந்தக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: கொத்து ரொட்டி போடும் அண்ணை, காசு மேசையில் அவருடைய மனைவியான அக்கா, தேநீரோடு இரண்டு ஐயாமார், சுவரோரமாக நான். பாரிஸ் லா சப்பலில், ரூ பெர்தொனே தெரு. போன மாரிகாலம், மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம்.

வீடியோ கேம் ஒன்றை ரசிகர்களே தங்கள் விருப்பத்துக்கு மாற்றி அமைப்பதை 'மொட்' என்பார்கள். முகம் பார்த்திராத நாலு பேர் செய்த ஒரு மொட்டுக்கு நான் ஒலி அமைக்கத் தொடங்கியிருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். 'உனக்கு ஒன்றும் தெரியாது, போ' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு. வீட்டில் கரண்டிகளை மோதவிட்டு அனுப்பிய வாள் சத்தத்தை, சமையலறை மாதிரி இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். அன்றைக்குள் வேறு வராவிட்டால் வேலை இன்னொருவருக்கு.

ரொட்டியைக் கொத்தும் இரண்டு இரும்புத் தகடுகள் நினைவுக்கு வந்தன. கேட்க வெட்கம். ஒரு கொத்துக்குச் சொல்லிவிட்டு, போனை மேசைக்கடியில் பிடித்துப் பதிந்தேன். திடீரென்று சத்தம் நின்றது. அண்ணை தகடுகளோடு என் முன்னால் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, மேசைக்குக் கீழை என்ன பதியிறீர்? கொந்த்ரோலோ?"

கடைகளைச் சோதிக்க வரும் அதிகாரி என்று நினைத்துவிட்டார்! எல்லாருக்கும் பயப்படுகிற என்னைப் பார்த்தும் ஒருவர் பயப்படுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. உளறி உளறி உண்மையைச் சொன்னேன்.

"அட, வாள் சண்டைக்கோ! அதுக்கேன் களவாய்? ரொட்டி கிடந்தால் சத்தம் அமுங்கிப் போயிடும். வெறுங்கல்லிலை அடிக்கிறன், கிட்ட வாரும்."

பாதிக் கொத்தை அள்ளி ஒரு பக்கம் வைத்தார். அக்கா ரேடியோவையும் புகை இழுக்கும் விசிறியையும் நிறுத்தினார். ஐயாமார் கோப்பையைக் கீழே வைக்கவும் பயந்து கையிலேயே பிடித்திருந்தார்கள். எண்ணெய்ப் புகை கண்ணை எரித்தது. ஒருவரும் இருமவில்லை. அண்ணை அடித்தார், உரசினார், தகட்டோடு தகட்டை மோதினார். நான் போனை நிறுத்தியதும் எல்லாரும் சேர்ந்து இருமினோம்.

"கடைசியிலை ஆர் செத்தது?" என்றார் ஒரு ஐயா.

"இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் நாங்கள்தான்," என்றார் அக்கா.

அந்தச் சத்தத்தை மொட் செய்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நானோ சாப்பிட்ட கொத்துக்குக் காசு கொடுக்காமலே, புறநகரான கார்ஜில் இருக்கும் வீட்டுக்கு ரயில் பிடிக்க ஓடியிருக்கிறேன்! மறுநாள் பதறிக்கொண்டு போனால் அக்கா வாங்கவில்லை. "கேம் வெளியிலை வரட்டும், பிறகு தாரும்."

இன்னும் வரவில்லை. எதையும் கேட்கத் தயங்கும்போதெல்லாம், எனக்காக மூச்சை அடக்கி இருந்த அந்த நால்வரை நினைத்துக்கொண்டு கேட்டுவிடுகிறேன். அதற்கெல்லாம் சேர்த்து நான் கொடுக்க வேண்டியது, அக்காவின் கணக்கில், ஒன்பது யூரோ.